கோல்ப் மைதானமும் நம் பாமன்கடைக் கால்வாயும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். போன மாதம் கிரிக்கெட் பற்றி எழுதியபோது, "சேர், எப்பவும் கிரிக்கெட்தானா? வேறு விளையாட்டு ஒன்றும் இல்லையா?" என்று நம் ஒழுங்கைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக இன்றைக்கு கோல்ப்.

"கோல்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது காசுக்காரர் விளையாட்டு" என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான். களனிவெளி ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். கொட்டா வீதி ஸ்டேஷனுக்கும் நாரஹேன்பிட்டிக்கும் இடையில் திடீரென்று இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று விரியும். பாதையோரத்துச் சின்ன வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்கு அது வேறு நாடு மாதிரி இருக்கும். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் தடியைப் பிடித்தபடி ரயில் போகும்வரை காத்து நிற்பார். நமக்குத் தெரிந்த கோல்ப் பெரும்பாலும் இந்த ஒன்றரை நிமிடம்தான்.

ஆனால் அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதன் ஒரு நுனி நம் பாமன்கடைக் கால்வாயில் வந்து முட்டுகிறது. அதைச் சொல்ல முதலில் ஒரு அவுஸ்திரேலியரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெயர் பீற்றர் தொம்சன். 1929இல் மெல்போர்ன் நகரின் பிரன்ஸ்விக் பகுதியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அது தொழிலாளர் வாழ்ந்த பகுதி. வீட்டுக்குக் கிட்ட ரோயல் பார்க் என்று ஒரு பொது மைதானம். பெயரில்தான் ரோயல், இருந்தது ஒன்பது குழி மட்டும். யாரும் போய் ஆடலாம். தொம்சன் ஆடப் பழகியது அங்கேதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கோல்ப் உலகில் ஆகப் பழைய போட்டி பிரித்தானியாவில் நடக்கும் 'ஓப்பன்'. 1860இல் தொடங்கியது. 1952 முதல் 1958 வரை ஏழு வருடம் தொடர்ச்சியாக தொம்சன் அதில் முதலாவது அல்லது இரண்டாவது. 1954, 1955, 1956 மூன்று வருடமும் தொடர்ந்து வென்றார். இருபதாம் நூற்றாண்டில் வேறு எவரும் அதைச் செய்யவில்லை. 1958இல் நான்காவது தடவை. அந்த வருடங்களில் பெரிய அமெரிக்க வீரர்கள் பலர் கடல் கடந்து வருவதில்லை, அதனால்தான் வென்றார் என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். 1965இல் ஆர்னல்ட் பாமர், ஜாக் நிக்லஸ் எல்லோரும் வந்திருந்த போட்டியில் ஐந்தாவது தடவையும் வென்று அந்த வாயை அடைத்தார். 1954இல் அவர் பெற்ற பரிசுப் பணம் 750 பவுண். இன்றைய பரிசுப் பணத்தோடு பார்த்தால் அது பஸ் காசு.

பலம் காட்டி அடிக்கும் ஆள் இல்லை அவர். காற்றையும் நிலத்தின் மேடு பள்ளத்தையும் பார்த்து, பந்தைத் தாழ்வாக அடித்து உருள விடுவார். பந்து எங்கே விழும் என்பதைவிட, விழுந்த பிறகு எங்கே ஓடும் என்பதுதான் அவருடைய கணக்கு. நிலத்தை வாசிக்கத் தெரிந்த ஆட்டக்காரர் என்று சொல்லலாம். பிற்காலத்தில் அவர் மைதானம் அமைக்கும் வேலைக்குப் போனதில் அதிசயமே இல்லை.

எனக்கு அவரில் பிடித்த விஷயம் வேறு. அந்தக் காலத்துப் பெரிய வீரர்கள் அமெரிக்கா பக்கம் ஓடினார்கள், காசு அங்கேதான் இருந்தது. தொம்சனுக்கு அமெரிக்கா அவ்வளவாக ஒத்துவரவில்லை. அவர் ஆசியா பக்கம் திரும்பினார். மெல்போர்னிலிருந்து இலண்டன் போகும் வழியில் இருக்கும் நாடுகளை மற்றவர்கள் விமானம் எண்ணெய் நிரப்பும் இடமாகப் பார்த்தார்கள். இவர் இறங்கி ஆடினார். ஹொங்கொங், மணிலா, டெல்லி என்று ஆசியப் போட்டிகளின் சங்கிலி ஒன்று 1960களில் உருவானதில் அவருடைய கை பெரியது. இந்திய ஓப்பன் 1964இல் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரும் அவர்தான். முதல் போட்டியை வென்றவரும் அவரே. 1966இலும் 1976இலும் மறுபடி வென்றார். இடையில் 1965இல் பில்லூ சேதி என்ற இந்தியர், அதுவும் தொழில்முறை வீரர் அல்லாதவர், கல்கத்தாவில் வென்று எல்லோரையும் வாய் பிளக்க வைத்தார்.

ஆட்டத்தோடு சேர்த்தே மைதானம் வரையும் வேலையையும் தொம்சன் தொடங்கிவிட்டார். மைக் வொல்வரிட்ஜ் என்ற இன்னொரு வீரர் கூட்டாளி. அவர்களுடைய நிறுவனம் பல நாடுகளில் மைதானங்களைப் புதிதாக அமைத்தது, பழையவற்றைத் திருத்தியது. கோல்பின் தாய்வீடான ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸிலேயே 'டியூக்ஸ்' மைதானம் 1995இல் இவர் கையால் வந்தது. சொந்த மாநிலமான விக்டோரியாவில் மூனா லிங்க்ஸ். முதுமையில், 2009இல், ஹமில்டன் தீவுக்குப் பக்கத்துத் தீவொன்றில் ஒரு மைதானம். இதற்கிடையில் பத்திரிகைக்கு எழுதினார், 1982இல் விக்டோரியா மாநிலத் தேர்தலில் நின்று தோற்றார் (நல்லவேளை!), 1985இல் அமெரிக்காவின் மூத்தோர் சுற்றில் ஒரே வருடத்தில் ஒன்பது போட்டிகளை வென்றார். 2018 ஜூனில் 88 வயதில் காலமானார்.

இனி டெல்லிக்கு வாருங்கள். 1976-77இல் டெல்லி கோல்ப் கிளப்பின் பிரதான மைதானத்தைத் திருத்தியமைத்தவர் தொம்சன். அந்த மைதானத்துக்குள்ளேயே முகலாயர் காலத்துக் கல்லறைக் கட்டடங்கள் இருக்கின்றன. 'லால் பங்களா' என்ற சிவப்புக் கல் கட்டடம் ஒன்று. மயில்கள் திரியும். ஒரு காலத்து அரச குடும்பத்தார் அடக்கம் செய்யப்பட்ட நிலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு காலத்து மேட்டுக்குடி பந்து அடிக்கிறது.

அந்த மைதானத்தில் பை தூக்கிய சிறுவர்களில் ஒருவர் அலி ஷேர். ஆட்டக்காரரின் தடிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். (வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தமிழ்ப் படம் பார்த்த பிள்ளைகளுக்கு கேடி என்றால் ரவுடி. "சேர், கேடி எப்படி சேர் சம்பியன் ஆவான்?" என்று ஒருவன் கேட்டான். ஆனார் மகனே, கேள்.) பை தூக்கித் தூக்கியே ஆட்டத்தைப் பழகிய அலி ஷேர், 1991இல் அதே டெல்லி மைதானத்தில் இந்திய ஓப்பனை வென்றார். தொழில்முறை வீரர் ஒருவர் இந்தியாவுக்காக அதை வென்றது அதுதான் முதல் தடவை. 1993இல் மறுபடியும் வென்றார். 1998இல் வென்றவர் ஃபெரோஸ் அலி, கல்கத்தாக்காரர். 2016இலும் 2017இலும் வென்ற சௌரசியாவின் தகப்பன் ரோயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரிக்கும் தொழிலாளி.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று விளங்கும். உறுப்பினர் அட்டையோடு முன்வாசலால் வந்த பிள்ளைகளைவிட, வேலைக்காரராகப் பின்வாசலால் வந்த பிள்ளைகள் பல இடத்தில் நன்றாக ஆடினார்கள். ஏன்? நாள் முழுக்க அந்த நிலத்தில் நின்றவர்கள் அவர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், காலையில் புல் எவ்வளவு ஈரம், எந்தச் சரிவில் பந்து வழுக்கும் என்று கால்களாலேயே படித்தவர்கள். தொம்சனும் ஒரு வகையில் அப்படித்தான். உறுப்பினர் பட்டியல் இல்லாத ஒரு பொது மைதானம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் ஆட வந்தவர். அந்த ஒன்பது குழி இல்லாவிட்டால் ஐந்து ஓப்பனும் இல்லை.

நம் நாட்டிலும் நந்தசேன பெரேரா, அவருடைய மகன் மிதுன் பெரேரா, அநுர ரோஹண என்று தொழில்முறை வீரர்கள் வந்தார்கள். மிதுன் ஆசிய சுற்றுப் போட்டிகள் வரை போய் ஆடியவர். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. ரோஹித் சர்மாவின் பிறந்தநாள் தெரியும்.

சரி, தொம்சனின் இன்னொரு மைதானத்தைப் பார்ப்போம், ஏனென்றால் நம் கதை அங்கேதான் திரும்புகிறது. பெங்களூரில் கர்நாடக கோல்ப் சங்கத்தின் மைதானம், 1980களில் திறந்தது. விமான நிலைய வீதிப் பக்கம், நகரத்தின் ஆகப் பெறுமதியான காணிகள் இருக்கும் இடம். வரைந்தவர் தொம்சன். நல்ல மைதானம் என்று ஆடினவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பெங்களூரில் காணாமல் போன ஏரிகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த இடத்தையும் சேர்ப்பார்கள். சல்லகட்டா ஏரி இருந்த இடம் அது. பஸ் நிலையத்துக்கு ஓர் ஏரி, விளையாட்டரங்குக்கு ஓர் ஏரி, கோல்புக்கு ஓர் ஏரி என்று கொடுத்துவிட்டு இன்று அந்த ஊர் ஒவ்வொரு பெருமழைக்கும் வீதியில் வள்ளம் விடுகிறது.

இதற்கு தொம்சனைக் குற்றம் சொல்ல மாட்டேன். மைதானம் வரைகிறவருக்கு நிலத்தைக் கொடுக்கிறவர் வேறொருவர். அந்த வேறொருவர் யார், யாருடைய நிலத்தை யாருக்குக் கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி.

இப்போது கொழும்பு. இங்கே கோல்ப் கிளப் தொடங்கியது 1879இல். ஆடிய இடம் எது தெரியுமா? காலிமுகத்திடல். நாம் இஸ்ஸோ வடையும் அன்னாசியும் சாப்பிட்டுக்கொண்டு பட்டம் விடுகிற அதே திடல். அங்கே ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம், பிறகு கோல்ப். கடல் காற்றும் வெட்டவெளியும் ஸ்கொட்லாந்துக்காரருக்கு ஊர் ஞாபகத்தைக் கொடுத்திருக்கும். ஆனால் நடக்க வருகிற சனத்துக்கு நடுவே பறக்கும் பந்து சரிப்படுமா? 1896இல் கிளப் பொரளைக்குப் போனது. அப்போதைய ஆளுநர் ரிஜ்வேயின் பெயரை மைதானத்துக்கு வைத்தார்கள். 1928இல் 'ரோயல்' பட்டம் கிடைத்தது. களனிவெளிப் பாதை 1902 அளவில் மைதானத்தை ஊடறுத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஆட்டம்தான் ரயிலுக்கு வழி விடுகிறது.

கோல்ப் அங்கே போனதால் காலிமுகத்திடல் யாருக்கும் தனிச் சொந்தமாகாமல் மிஞ்சியது. கட்டணமில்லாமல் கொழும்பில் ஓர் ஏழைக் குடும்பம் பெருநாளன்று போய் உட்காரக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விரல் மிச்சம் இருக்கும்.

நூறு வருடம் கழித்து இன்னொரு அலை வந்தது. உல்லாசப் பயணிகளை இழுக்கக் கோல்ப் வேண்டும் என்றார்கள். திகனயில் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் 1999இல் ஒரு மைதானம், டொனல்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வரைந்தது. ஹம்பாந்தோட்டையில் 2016இல் ஹோட்டலோடு ஒன்று. இவற்றின் நடுவே பத்தரமுல்லையில் ஒன்று. 'வோட்டர்ஸ் எட்ஜ்'. நம்மில் எத்தனையோ பேர் அங்கே கலியாணத்துக்குப் போய் புரியாணி சாப்பிட்டிருக்கிறோம். அந்த இடம் ஒரு கோல்ப் மைதானமாகத் திட்டமிடப்பட்டது, அதற்காகவே உயர் நீதிமன்றம் வரை போனது என்பது சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். பொதுத் தேவைக்கென்று அரசு சுவீகரித்த காணி அது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருந்தது. அதிலிருந்து ஒரு பெரிய பகுதி, கோல்ப் மைதானமும் அதோடு சேர்ந்த வசதிகளும் அமைக்கத் தனியார் கம்பனிக்குப் போனது. சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க ஜனாதிபதியாக இருந்த காலம். 2007இல் சுகதபால மென்டிஸ் என்பவரும் இன்னொருவரும் பொதுநல நோக்கில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்கள். 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி தீர்ப்பு. எழுதியவர் நீதியரசர் ஷிராணி திலகவர்தன. கொடுக்கல் வாங்கல் செல்லாது, காணி அரசுக்குத் திரும்ப வேண்டும், முன்னாள் ஜனாதிபதி 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும். பதவியில் இருந்தபோது செய்த காரியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கிய தீர்ப்பு. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

தீர்ப்பின் முதுகெலும்பு 'பொது நம்பிக்கை' என்ற கோட்பாடு. நம் சனத்துக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நிமிடம் போதும். வக்பு காணி யாருக்குச் சொந்தம்? நம்பிக்கையாளர் சபைத் தலைவருக்கா? இல்லை. அவர் கையில் இருப்பது அமானிதம். பார்த்துக்கொள்ளலாம், மச்சானுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. அரச காணி விஷயத்தில் ஜனாதிபதியின் நிலையும் அதுதான் என்று நீதிமன்றம் சொன்னது.

இனிக் கணக்குப் பாடம். 18 குழி மைதானம் ஒன்றுக்குப் பொதுவாக 120 முதல் 180 ஏக்கர் வேண்டும். 150 என்று வையுங்கள். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், ஆகவே 24,000 பேர்ச்சஸ். நம் ஒழுங்கைகளில் ஆறு பேர்ச்சஸில் இரண்டு குடும்பம் இருக்கிறது. வீதிகளுக்கு விட்டது போக மிச்சத்தைப் பிரித்தாலும் ஆயிரக்கணக்கான வீடுகள். வளவு வழக்கில் அண்ணன் தம்பி அரை பேர்ச்சஸுக்காகப் பதினைந்து வருடம் பேசாமல் இருக்கிற ஊர் இது, ஆகவே இந்த எண்ணின் கனம் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் வீட்டுக் கணக்கைவிட முக்கியமானது தண்ணீர்க் கணக்கு. பாராளுமன்றத்தைச் சுற்றியிருக்கும் தியவன்னா, தலங்கம, பத்தரமுல்லைப் பக்கமெல்லாம் தாழ்நிலம், சதுப்பு. மழை பெய்தால் கொழும்பின் தண்ணீர் முதலில் போய்த் தங்குவது அங்கே. பிறகு மெதுவாகக் கால்வாய்கள் வழியாக வடிகிறது. ஒரு பக்கம் களனி கங்கைக்கு. மறுபக்கம் கிருலப்பனைக் கால்வாய் வழியாக நம் பாமன்கடைப் பக்கம் வந்து, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. நாம் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற கால்வாய் இருக்கிறதே, அதன் தலைமாடு அந்தச் சதுப்புதான்.

150 ஏக்கரில் ஒரு மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு? ஏறத்தாழ 60 கோடி லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசரில் அள்ளினால் 60,000 பவுசர். அந்த நிலத்தை மண் போட்டு நிரப்பினால் அந்தத் தண்ணீர் மாயமாகாது. கீழே வரும். கீழே இருப்பது நாம்.

1992 ஜூன் மாதம் ஒரே நாளில் கொழும்பில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை. முழங்கால் அளவு தண்ணீரில் குர்ஆன் மத்ரசாவின் வாங்குகள் மிதந்தன என்று வாப்பா இன்றும் சொல்லுவார். 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சதுப்பை நிரப்பிக் கட்டியவர்களைத் தேடித் தண்ணீரே நேரில் வந்தது மாதிரி இருந்தது.

நியாயமாகப் பேச வேண்டும். கோல்ப் மைதானம் கொங்கிரீட் அல்ல, புல். மழை நீரைக் குடிக்கும். பொரளை மைதானம் 1896 முதல் திறந்த வெளியாக இருந்திராவிட்டால் அங்கே இன்று நாற்பது மாடித் தொகுதிகள் வரிசையாக நின்றிருக்கும், இது என் திடமான அபிப்பிராயம். நகரத்தின் சுவாசப்பைக்கு அது நல்லதுதான். ஆகவே புல்லோடு எனக்குச் சண்டை இல்லை. பாமன்கடையில் இருக்கிறவரின் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்று தீர்மானிக்கிற நிலத்தை, பாமன்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவர் மேசையில் இன்னொருவர் கையெழுத்துப் போடுகிறார் பாருங்கள், அதோடுதான் சண்டை. மென்டிஸும் மற்றவரும் வழக்குப் போட்டிராவிட்டால் நமக்கு அது தெரிந்தே இருக்காது.

அதே நேரம் இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. நம் பிரதேசத்தில் பிள்ளைகள் விளையாடப் பொது மைதானம் எத்தனை? எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இடைவேளையில் மாறி மாறித்தான் முற்றத்துக்கு இறங்குகிறார்கள், இடம் போதாது. பின்னேரத்தில் ஒழுங்கையில் டெனிஸ் பந்து, பக்கத்து வீட்டுக் கண்ணாடி, ஏச்சு. பிரன்ஸ்விக்கில் ஒரு பொது மைதானம் இருந்ததால் ஒரு தொழிலாளர் பகுதிப் பையன் ஐந்து தடவை உலகை வென்றான். இங்கே எத்தனை தொம்சன்கள், எத்தனை அலி ஷேர்கள் மூன்றாம் மாடி வராந்தாவில் போனை நோண்டிக்கொண்டு இருக்கிறார்களோ!

கால்வாயோரம் நடைபாதை போட்ட பிறகு சில இடங்களில் நன்றாகவே நடக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த தவணையில் ஒரு சனிக்கிழமை கிருலப்பனையிலிருந்து வெள்ளவத்தைக் கடல்வாய் வரை நடத்திக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று புத்தகப் படத்தில் இல்லாமல் கண்ணால் பார்க்கட்டும். பெற்றோர் இரண்டு மூன்று பேர் துணைக்கு வந்தால் நல்லது. 1992 வெள்ளத்தைப் பார்த்த நாநாமார், தாத்தாமார் யாராவது வந்து தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று சுவரில் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் கீழே போடுங்கள். வர விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், திகதி முடிவானதும் அறிவிக்கிறேன்.